அடியில் ஒட்டியிருந்த ரோஸ் காகிதம்

பழைய மேஜிக் சாமான்களைச் சேகரிப்பவன் நான். எனக்கு வித்தை காட்ட வராது. பள்ளி நாட்களில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன், விரல் படியவில்லை. ஆனால் வித்தைக்காரர்கள் கைபட்ட பொருள்கள் மேல் வந்த பிரியம் அப்படியே நின்றுவிட்டது. விளிம்பு தேய்ந்த மரச் செப்புகள், சாயம் போன பட்டுக் கைக்குட்டைகள், மூடி இறுகிப்போன தகர டப்பாக்கள், நிகழ்ச்சி நிரல்கள், டிக்கெட் அடிக்கட்டைகள் என்று வீட்டில் ஓர் அறையே நிறைந்து கிடக்கிறது. ஏஞ்சலோ லூயிஸ் என்ற லண்டன் வக்கீல் ‘புரொபசர் ஹாஃப்மன்’ என்ற புனைபெயரில் 1876இல் வெளியிட்ட ‘மாடர்ன் மேஜிக்’ புத்தகத்தின் பழைய பதிப்பு ஒன்றும் இருக்கிறது. அதன் தாளைப் புரட்டும்போது இன்றைக்கும் கையைத் துடைத்துக்கொண்டுதான் புரட்டுவேன்.

இதில் என்னை ஆழமாக இழுத்தது நம் ஊர்க்காரர்களின் கதை. 1830 வாக்கில் மதராஸில் ஒரு பெரியவர் காற்றில் உட்கார்ந்து காட்டினார். ஒரு சிறு பலகை, அதில் செருகிய மூங்கில், மூங்கிலின் முனையில் ஒரு மான்தோல் சுருள். அந்தச் சுருளைக் கை விளிம்பால் தொட்டபடி, உடம்பில் வேறெதுவும் எதிலும் படாமல், அந்தரத்தில் அமர்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். லண்டனில் ‘சாட்டர்டே மேகஸின்’ 1832இல் அதைப் படத்தோடு வெளியிட்டது. அவர் பெயரை ‘ஷேஷால்’ என்று போட்டார்கள். சேஷாசலமா, சேஷையாவா, யாரும் விசாரிக்கவில்லை. அவருக்கும் முன்னால், 1810களிலேயே இங்கிலாந்து போய், வாள் விழுங்கியும் செப்படி வித்தை காட்டியும் பேர் வாங்கிய ஒருவர் அங்கே ‘ரமோ சாமி’ ஆகிவிட்டார். ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும். 1850இல் லண்டனிலேயே காலமானார்.

1847இல் பாரிஸில் ராபர்ட்-ஹூடன் என்ற வித்தைக்காரர் தன் மகனை ஒற்றைக் கோலில் முழங்கையை ஊன்றவைத்து அந்தரத்தில் கிடத்தினார். அவருக்குச் சொந்த அரங்கம் இருந்தது, சுயசரிதை இருந்தது. அமெரிக்காவின் ஹூடினி தன் மேடைப் பெயரையே அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். நம்மவர்களுக்கோ நசுங்கிப்போன பெயர்தான் மிச்சம்.

இதைக் கேட்க ஆள் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். “அன்றைக்கு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இவர்கள் பேரையும் ஊரையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கக் கூடாதா?” என்று மனம் நொந்து பேசுவேன். அந்த ஆதங்கம் பொய்யில்லை. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பாகம் பிரித்த, இடித்த செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் அங்கேதான் வந்து சேரும். தேக்குத் தூண், எனாமல் தூக்குவாளி, ரசம் போன கண்ணாடி, ரவிவர்மா படம். அங்கே ஒரு கடைக்காரருக்கு என் பைத்தியம் தெரியும். “அண்ணே, ஒங்க ஐட்டம் ஒண்ணு வந்திருக்கு” என்று பரணிலிருந்து ஒரு தகரக் குழாயை இறக்கினார். உள்ளே ஒரு சுவரொட்டி சுருட்டிக் கிடந்தது.

விரித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட மந்திரவாதி. தோளில் இரண்டு சிவப்புக் குட்டிச்சாத்தான்கள் உட்கார்ந்து காதில் ஏதோ ஓதுகின்றன. ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகம் 1894இல் அமெரிக்க மந்திரவாதி ஹாரி கெல்லருக்காகப் போட்ட சுவரொட்டி இந்தக் குட்டிச்சாத்தான்களைப் பிரபலமாக்கியது. அதன்பின் அவை ஏறாத தோள் இல்லை. என் கையில் இருந்தது கல்லச்சு. நிறத்துக்கு ஒரு கல்லாக ஏற்றி இறக்கி அடித்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மந்திரவாதியின் கன்னத்துச் சிவப்பு பொடிப் பொடிப் புள்ளியாகப் பிரிகிறது. ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘அடால்ஃப் ஃப்ரீட்லேண்டர், ஹாம்பர்க்’ என்றும் ஓர் எண்ணும் இருந்தன. 1872இல் தொடங்கிய அந்த அச்சகம் சர்க்கஸுக்கும் மேஜிக்குக்குமாக ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவரொட்டிகளை எண் போட்டு அடித்தது. அவற்றில் பல ‘ஸ்டாக்’ படங்கள். யாரோ ஒரு மந்திரவாதியின் முகம், பெயர் கிடையாது. எந்த நாட்டு வித்தைக்காரரும் வாங்கித் தன் பெயரை அடித்து ஒட்டிக்கொள்ளலாம்.

இதிலும் ஒட்டியிருந்தது. படத்தின் அடியில், முழு அகலத்துக்கும், ஒரு சாண் உயரத்தில் ரோஸ் நிற நோட்டீஸ் காகிதம். நீல மையில் தமிழ். மர எழுத்தில் ‘புரொபசர்’ என்று கொட்டையாக ஆரம்பித்து, அதன் கீழே இரண்டு மூன்று வரிகள். பூச்சி அரித்த விளிம்பு, பசை ஊறிப் பழுப்பேறிய திட்டுகள். சுவரொட்டியின் மேல் ஓரத்தில் கயிறு கோத்த இரண்டு ஓட்டைகள் இருந்தன. சுவரில் ஒட்டாமல் ஏதோ ஒரு கடைக்குள் தொங்கவிட்ட பிரதி. அப்படித் தொங்கவிடும் கடைக்காரருக்கு ஓசி பாஸ் கொடுப்பது அந்தக் காலக் கொட்டகை வழக்கம். அதனால்தான் வெயிலுக்கும் மழைக்கும் தப்பி வந்திருக்கிறது.

“கீழ இருக்கிற அழுக்கை எடுத்துறலாம்ணே. படத்துக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர்.

“நானே எடுத்துக்கிறேன்” என்றேன்.

அந்த நாளில் என் கண்ணை நிறைத்திருந்தவை வெளிநாட்டு ஏலப் பட்டியல்கள். அவற்றில் வரும் சுவரொட்டிகள் பின்னால் துணி ஒட்டி, மடிப்பெல்லாம் நீங்கி, நேற்று அச்சடித்ததுபோல் பளபளக்கும். கறையில்லாததற்கு ‘ஏ’, கறை இருந்தால் ‘பி’ என்று தரம் போட்டிருப்பார்கள். என் படம் ‘ஏ’ ஆக வேண்டும் என்று நினைத்தேன். சட்டம் போடுகிறவர் வேறு, அந்தத் துண்டு இல்லாமல் இருந்தால்தான் அளவு எடுப்பாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, ரோஸ் காகிதத்தின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நடுவில், இரண்டு தாள்கள் சேரும் இடத்தில், பசை முதலில் இளகியது. அங்கே நகத்தைக் கொடுத்து நெம்பினேன். மனைவி பக்கத்தில் வந்து நின்று வாசித்தாள்.

“சேர் ஒரு ரூபா, பெஞ்சு எட்டணா, தரை மூணணா. அடேயப்பா! எழுத்து நல்லாத்தானே இருக்கு, ஏங்க கிழிக்கிறீங்க?”

“படம்தான்மா முக்கியம்.”

அவள் இன்னும் ஏதோ வாசித்தாள். நான் காதில் வாங்கவில்லை. தாள் நனைந்து, துண்டு துண்டாகக் கழன்று வந்தது. ரோஸ் சாயம் விரலில் ஏறியது. கழன்ற துண்டுகளை உருட்டி உருட்டிச் செய்தித்தாளில் போட்டேன். எழுத்துகள் என் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தன. பழைய தமிழ் அச்சைப் படிக்கத் தெரிந்தவன்தான் நான். படிக்கவில்லை. மாலைக்குள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. படம் சட்டத்துக்குள் போய் வரவேற்பறையில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அதன்பின் பல வருடங்கள் கழித்து, நண்பர் ஒருவர் சொல்லி, ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. கையில் துண்டில் சுற்றிய ஒரு பித்தளைச் சொம்பு. தன் அம்மாவைப் பெற்ற தாத்தா ஊர் ஊராகப் போய் மேஜிக் காட்டியவர் என்றார். சொம்பைக் கையில் வாங்கியதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. கவிழ்த்துக் காலி செய்த பிறகும் நிமிர்த்தி வைத்தால் திரும்பத் திரும்பத் தண்ணீர் வரும் சொம்பு. பி.சி. சர்க்கார் தன் ‘இந்திரஜால்’ மேடையில் ஒரு வித்தைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ என்று சொல்லிக் கவிழ்ப்பாரே, அதே இனம். உள்ளே என்ன செய்திருக்கிறது என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. ஆனால் செய்த கன்னாரின் வேலை அவ்வளவு சுத்தம். கழுத்துக்குக் கீழே, வித்தைக்காரரின் விரல் வழக்கமாகப் பதியும் இடத்தில், பித்தளை வழவழவென்று தேய்ந்திருந்தது.

“வீட்டுல மிச்சம் இது ஒண்ணுதான் சார். அப்புறம் ஒரு போட்டோ” என்று எடுத்துக் காட்டினார். தலைப்பாகை, கோட்டு, மார்பில் மெடல்கள். “நோட்டீஸ், போஸ்டர் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்துச்சாம். கரையான் தின்னுருச்சு. அவர் பேர் அச்சுல இருக்கிறதை ஒரு தடவையாவது பாக்கணும்னு எங்கம்மாவுக்கு ஆசை. ஒங்க கலெக்‌ஷன்ல எதுலயாவது இருக்கான்னு…”

என்னிடம் இருந்த நோட்டீஸ்கள், நிகழ்ச்சி நிரல்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். உண்மையான ஆர்வத்தோடுதான் தேடினேன். அவர் தாத்தா பெயர் எதிலும் இல்லை. கிளம்பும்போது வரவேற்பறையில் அந்தச் சுவரொட்டி முன்னால் நின்றார். அச்சுத் தொழிலாளி இல்லையா, படத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார். குனிந்து, சட்டத்தின் அடிப்பகுதியில் கண்ணை ஓட்டினார்.

“சார், இங்க என்னமோ ஒட்டியிருந்திருக்கே?”

நான் அருகில் போய்ப் பார்த்தேன். அத்தனை வருடமும் தினமும் பார்த்த படம். அடி ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு, மேலே இருக்கும் நிறத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக, நேர்கோடு வெட்டியதுபோல் ஒரு பட்டை தெரிந்தது. மூடியிருந்ததால் பழுப்பேறாமல் தங்கிய தாள். நடுவில் விரலளவு இடத்தில் மேல்தோல் உரிந்து, நாரிழை தெரிந்தது. நான் நகத்தைக் கொடுத்து நெம்பிய இடம்.

“தமிழ்லயா இருந்துச்சு? யார் பேர் போட்டிருந்துச்சு சார்?”

நினைவைத் துழாவினேன். ரோஸ் நிறம் வந்தது. நீல மை வந்தது. ‘புரொபசர்’ வந்தது. அதற்கு அடுத்த சொல், அதே பருமனில், அதே மர எழுத்தில் அடித்திருந்த சொல், அது மட்டும் வரவில்லை. முதல் எழுத்துகூட வரவில்லை. ஊர் வரவில்லை, கொட்டகையின் பெயர் வரவில்லை. மனைவியின் குரலில் சேர் ஒரு ரூபாய், பெஞ்சு எட்டணா என்று டிக்கெட் விலை மட்டும் கேட்டது. அந்த இளைஞர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்போடு அணைத்திருந்த சொம்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டது.

“தெரியலையே தம்பி. நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.

அவர் நம்பினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டையைத் தவிர எனக்கு அந்தப் படத்தில் வேறெதுவும் தெரியவில்லை. எதைத் தூக்கிப் போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். இந்தியாவில் அச்சாகும் தாள்களில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நடப்பிலிருந்த 1867ஆம் வருடச் சட்டம் சொன்னது. ஆகவே அந்த ரோஸ் காகிதத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் அச்சகமும் ஓர் ஊரும் இருந்திருக்கும். பழைய நோட்டீஸ்களில் பெரும்பாலும் வருடம் போடமாட்டார்கள், தேதியும் கிழமையும் மட்டுமே இருக்கும். ஆனால் அந்த இரண்டும் இருந்தால் வருடத்தை நெருங்கிவிடலாம். ஒரு மனிதர், ஓர் ஊர், ஒரு ராத்திரி, இவ்வளவும் அந்த ஒரு சாண் தாளில் இருந்தது.

நான் காப்பாற்றியதாக நினைத்த படமோ எத்தனையோ பிரதி அடித்தது. அது எனக்குத் தெரியாததில்லை. கார்ட்டர் தி கிரேட் என்ற அமெரிக்க மந்திரவாதி உலகம் சுற்றி வரும் வழியில் 1936இல் பம்பாயில் இறந்தார். அவருடைய சுவரொட்டிகள் பயன்படாமலே ஏராளமாக மிஞ்சியதால்தான் இன்றைக்கும் புதுக்கருக்கு அழியாமல் கிடைக்கின்றன என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்திலிருந்து வந்தபடியே இருப்பது எங்கேயாவது இன்னொன்று கிடைக்கும். ஆடின ஆட்டத்தின் அடையாளத்தோடு மிஞ்சுவது ஒன்றுதான். சொல்லத் தெரிந்த எனக்கு, கையில் பஞ்சை எடுத்தபோது அது ஞாபகம் வரவில்லை.

காரைக்குடிக்குப் போய்க் கேட்டேன். அந்தக் கடைக்காரருக்குப் படமே நினைவில்லை. அங்கிருந்து கூப்பிடு தூரம் கோட்டையூர். அந்த ஊரில்தான் ரோஜா முத்தையா என்பவர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், ஊரார் கழித்துப் போட்ட நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, குஜிலிப் புத்தகம் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிப் பாதுகாத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அது இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அங்கும் போய் உட்கார்ந்தேன். ரோஸ், மஞ்சள், பச்சை என்று என் விரலில் சாயம் ஏற்றிய அதே ரகக் காகிதங்கள். கிழிந்த ஓரத்தோடு, பசைக் கறையோடு, ஒரு எழுத்து சேதமில்லாமல். என் புரொபசர் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நோட்டீஸையும் மேல் வரியிலிருந்து அச்சகப் பெயர்வரை படித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். இதை எழுதுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. “தம்பி, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். கிழிச்சது நான்தான்” என்றேன். காரணத்தையும் சொன்னேன், ‘ஏ’ தரத்தையும் சட்டத்தின் அளவையும். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அச்சு யந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எங்கேயோ நகர்ந்து போய், கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“பரவால்ல, ஞாபகம் இருக்கிறதை எல்லாம் சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்.”

டிக்கெட் விலையைச் சொன்னேன். அணாக் கணக்கு என்றால் 1957 ஏப்ரலுக்கு முன்னால் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏதோ நிதின்னு இருந்துச்சு. யுத்த நிதியா, பள்ளிக்கூடக் கட்டட நிதியா, தெரியலையே” என்றாள். யுத்த நிதி என்றால் 1939க்கும் 1945க்கும் நடுவே என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா பள்ளிக்கூடங்களுக்காக நிறைய ஆட்டம் போட்டதாக அம்மா சொல்வார் என்றார் அவர். அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு நிதிக்கு ஆடாத வித்தைக்காரர் கிடையாது. அவருக்கும் அது தெரிந்தேயிருந்தது.

“அந்த நோட்டீஸ் ஒரே தாளா சார், இல்ல ரெண்டு தாளை ஒட்டியிருந்துச்சா?”

இதற்கு மட்டும் என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது. “ரெண்டு. நடுவுல சேத்து ஒட்டியிருந்துச்சு. அந்த இடத்துலதான் கிழிக்க ஆரம்பிச்சேன்.”

“ஒரே தாளா இருந்தா பெரிய மிஷின்ல அடிச்சதா இருக்கும். அந்த மாதிரி மிஷின் இருந்த ஊர் கொஞ்சம்தான், தேடிப் பாத்திருக்கலாம். ரெண்டுன்னா சின்ன டிரெடில் மிஷின்ல அடிச்சிருப்பாங்க சார். எந்த ஊர்லயும் அடிச்சிருக்கலாம்.”